செயற்கைத் தோலுக்கு வைத்த பரீட்சை



போன ஞாயிற்றுக்கிழமை இரத்த வங்கி வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தீக்காயப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், ரத்தத்தை எடுத்து வெச்சு யாருக்கு வேணும்னாலும் ஏத்திடறோம். தோலுக்கு ஏன் அப்படிப் பண்ண முடியல? செயற்கைத் தோல்னு சொல்றாங்களே, அது எப்போ வந்தது? நிஜமாவே வேலை செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பொருளைக் கண்டுபிடித்தவர் பெயரை எல்லோரும் கேட்பார்கள். அதற்கு யார், எப்படிப் பரீட்சை வைத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. பதில் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் பாடம். பெரியவர் ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். ஓர் ஆள் படுக்கும் பாய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு அடுக்கு. வெளியே இருப்பது மேல்தோல். காகிதம் போல மெலிந்தது, தினமும் தேய்ந்து உதிர்ந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருப்பது. அதற்குக் கீழே இருப்பது உள்தோல். தடிமனானது. இரத்தக் குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம் குடியிருக்கும் இடம். தோலுக்கு உறுதியையும் நெகிழ்வையும் தருவது இந்த உள்தோல்தான்.

வெந்நீர் லேசாகப் பட்டால் கொப்புளம் வருகிறது, இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிறது. காரணம், உள்தோலில் மிச்சமிருக்கும் முடி வேர்களிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும் மேல்தோல் மறுபடி முளைத்துவிடும். உள்தோலும் முழுதாக வெந்துபோனால் கதை வேறு. பெரியவர்களின் உடலுக்கு உள்தோலைப் புதிதாக உண்டாக்கத் தெரியாது. அது தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யும். காயத்தின் ஓரங்களை நடுப்பக்கமாக இழுத்துச் சுருக்கி, வடு போட்டு மூடும். ஸ்டவ் வெடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்குத் தாடை நெஞ்சோடு ஒட்டியிருப்பதை, முழங்கை நீட்ட முடியாமல் மடங்கியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நெருப்பு செய்தது மட்டும் அல்ல. காயம் ஆறிய விதத்திலும் நேர்ந்தது.

காயம் திறந்திருக்கும் வரை இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தோல் இல்லாத இடத்திலிருந்து உடலின் நீர் கசிந்து வெளியேறும். கிருமிகள் உள்ளே போகும். ஆகவே பெரிய தீக்காயத்தில் மருத்துவருக்குக் கடிகாரத்தோடு போட்டி. எதையாவது வைத்துக் காயத்தை மூடியாக வேண்டும்.

எதை வைத்து மூடுவது?

நோயாளியின் சொந்தத் தோலை வைத்து மூடலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ழாக் லூயி ரெவர்டின். சுவிட்சர்லாந்துக்காரர். 1869-இல் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, நல்ல தோலிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளைக் கிள்ளி எடுத்து ஆறாத புண்ணில் வைத்தார். நாற்று நட்ட மாதிரி அவை வேர்பிடித்துச் சுற்றிலும் பரவின. இன்றும் தோல் ஒட்டு சிகிச்சைக்கு அடிப்படை இதுதான். ஆனால் உடம்பில் முக்கால் பங்கு வெந்தவருக்கு எடுப்பதற்குத் தோல் எங்கே இருக்கிறது?

அடுத்தவர் தோலை வைத்தால் என்ன? இதற்குப் பதில் இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது. 1940-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் மெடாவர் என்ற இளம் விலங்கியலாளரின் வீட்டருகே ஒரு விமானம் விழுந்தது. அதில் மோசமாக வெந்துபோன வீரருக்கு ஏதாவது வழி சொல்ல முடியுமா என்று மருத்துவர்கள் அவரிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பிறகு கிளாஸ்கோ நகருக்குப் போய், தாமஸ் கிப்சன் என்ற அறுவை சிகிச்சை நிபுணரோடு சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைத் துண்டு துண்டாக ஒட்டிப் பார்த்தார். முதல் தடவை ஒட்டிய தோல் சில நாள் நன்றாகப் பிடித்து, பிறகு அழிந்தது. இரண்டாம் தடவை அதே சகோதரரின் தோலை ஒட்டியபோது இன்னும் வேகமாக அழிந்தது.

இந்த "இன்னும் வேகமாக" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடம்பு முதல் தடவை வந்த அந்நியரை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாம் தடவை தயாராகக் காத்திருந்திருக்கிறது. தோல் ஒட்டாமல் போவது நோய் எதிர்ப்பு ஆற்றலின் வேலை என்று இருவரும் 1943-இல் எழுதினார்கள். மெடாவர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1960-இல் நோபல் பரிசு பெற்றார். இரத்தம் போலத் தோலை ஏன் மாற்ற முடியாது என்ற முதல் கேள்விக்கு இதுவே பதில்.

ஆகவே சொந்தத் தோல் போதாது, அடுத்தவர் தோல் நிலைக்காது. மூன்றாவதாக ஒன்று வேண்டும். இங்கிருந்து கதை அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போகிறது.

பாஸ்டன் தீக்காயத்தின் கொடுமையை நேரில் கண்ட ஊர். 1942 நவம்பர் 28 இரவு, கொக்கோனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் பற்றிய தீயில் 492 பேர் இறந்தார்கள். அன்று பாஸ்டன் மருத்துவமனைகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்ததில் கற்ற பாடங்கள் தீக்காய மருத்துவத்தையே மாற்றின. பிற்காலத்தில் அதே ஊரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான ஷ்ரைனர்ஸ் தீக்காய நிலையத்திலும் ஜான் பர்க் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். வெந்த தோல் தானாக உரியட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல், சீக்கிரமே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. கிருமி தங்க இடம் இருக்காது. ஆனால் வெட்டி எடுத்த மறுநிமிடமே அந்த இடத்தை மூட வேண்டுமே!

1969-இல் அவர் ஒரு பொறியாளரோடு சேர்ந்தார். கிரீஸ் நாட்டில் பிறந்த இயோனிஸ் யானஸ், எம்.ஐ.டி.யில் இயந்திரவியல் துறைப் பேராசிரியர். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று நினைத்துவிடாதீர்கள், இது மாசசூசெட்ஸ்.) இழைகளும் பாலிமர்களும் அவர் பாடம். அவர் கையில் இருந்த பொருள் கொலாஜன்.

இந்த இடத்தில் நம் சென்னைக்கு ஒரு சிறு வணக்கம் வைத்துவிட்டுப் போகலாம். கொலாஜன் என்பது தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் புரதம். நம் உடம்பைக் கட்டி நிறுத்தும் கயிறு என்று சொல்லலாம். அதன் மூலக்கூறு மூன்று புரி சேர்த்து முறுக்கிய வடம் போல இருக்கிறது என்ற மாதிரியை 1954-இல் நேச்சர் இதழில் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும். செயற்கைத் தோலை அவர்கள் செய்யவில்லை. ஆனால் அதற்கு மூலப்பொருளான புரதத்தின் வடிவம் கிண்டியில் தெளிவாகத் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பர்க்கும் யானஸும் செய்த தோலில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு, மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சேர்மத்தையும் கலந்து உறையவைத்து உலர்த்திய, நுண்துளைகள் நிறைந்த பஞ்சு. மேல் அடுக்கு, மெல்லிய சிலிக்கோன் படலம். படலம் நீர் வெளியேறாமலும் கிருமி நுழையாமலும் காக்கும். பஞ்சு செய்யும் வேலைதான் புதுமை.

வீடு கட்டும்போது சாரம் கட்டுவோம் அல்லவா? கொத்தனார் ஏறி நின்று வேலை செய்ய மட்டும் அது. சுவர் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். இந்தப் பஞ்சும் அப்படித்தான். காயத்தின் அடியிலிருந்து நோயாளியின் சொந்த உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் அதன் துளைகளுக்குள் ஏறி வருகின்றன. அங்கே நின்று புது உள்தோலைக் கட்டுகின்றன. கட்டக் கட்டப் பஞ்சு கரைந்து மறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் சிலிக்கோனை உரித்துவிட்டு, மேலே நோயாளியின் மிக மெல்லிய மேல்தோலை ஒட்டிவிடலாம். முடிவில் அங்கே இருப்பது மாட்டின் தோலும் அல்ல, சுறாவின் தோலும் அல்ல. அவருடைய தோல்.

கினிப் பன்றிகளில் சோதித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. சரியான அளவு துளையும், சரியான வேகத்தில் கரையும் தன்மையும் உள்ள பஞ்சை வைத்தால், காயம் சுருங்குவது தாமதமாகிறது. சீக்கிரம் மூடினால்தானே நல்லது என்று நமக்குத் தோன்றும். ஆனால் உடல் அவசரப்பட்டு இழுத்து மூடுவதால்தானே வடு வருகிறது! அந்த அவசரத்தைத் தடுத்து நிறுத்தினால், வடுவுக்குப் பதிலாக உள்தோலைப் போன்ற ஒன்றைக் கட்ட உடலுக்கு அவகாசம் கிடைக்கிறது. துளை சிறிதாகிவிட்டால் உயிரணு ஏறாது. பஞ்சு சீக்கிரம் கரைந்தால் சாரம் பாதியில் விழும். மெதுவாகக் கரைந்தால் வேலைக்கு இடைஞ்சல். இந்த அளவுகளைப் பிடிப்பதற்கே ஆண்டுகள் ஆயின.

பிறகு மனிதர்கள். 1979-இல் முதல் நோயாளி ஒரு பெண். உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவர். 1981-இல் பத்து நோயாளிகளின் விவரத்தை பர்க், யானஸ் குழுவினர் வெளியிட்டார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் உடலில் 50 முதல் 95 சதவீதம் வரை தீக்காயம். அவர்கள் உடற்பரப்பில் 60 சதவீதம் வரையிலும் செயற்கைத் தோலால் மூட முடிந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின.

இங்கேதான் மாணவியின் மூன்றாம் கேள்வி வருகிறது. பத்துப் பேருக்குப் போட்டுப் பார்த்தால் போதுமா?

போதாது. அந்தப் பத்துப் பேரும் வேறு வழியில்லாத நிலையில் இருந்தவர்கள். ஒருவர் பிழைத்தால், செயற்கைத் தோலால் பிழைத்தாரா, வெந்ததைச் சீக்கிரம் வெட்டி எடுத்ததால் பிழைத்தாரா, வயது இளமையாக இருந்ததால் பிழைத்தாரா? ஒப்பிட ஆள் இல்லாமல் சொல்ல முடியாது. சாகக் கிடப்பவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேருக்கு மறுப்பதும் எளிதல்ல. தவிர, தீக்காயக்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருக்க மாட்டார்கள். எரிந்த இடம், ஆழம், வயது, புகை சுவாசித்தது என்று ஆயிரம் வேறுபாடு.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரே நோயாளியின் உடம்பில் ஒத்த இரண்டு காயப் பகுதிகளை எடுத்துக்கொள்வது. ஒன்றில் செயற்கைத் தோல், மற்றொன்றில் அந்த மருத்துவமனையில் வழக்கமாகப் போடும் பொருள். எந்த இடத்துக்கு எது என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது. வயது அதே, இரத்தம் அதே, சாப்பாடு அதே. ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் இரண்டு விதை போட்டுப் பார்ப்பது போல.

இப்படி 11 மையங்களில் 106 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு 1988-இல் வெளிவந்தது. மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்.

முதல் பாடம், ஒட்டிப் பிடித்தல். செயற்கைத் தோலுக்கு 80 சதவீதம். ஒப்பிட்ட மற்றவற்றுக்கு 95 சதவீதம். அதாவது புதியது பின்தங்கியது!

இரண்டாம் பாடம், சொந்தத் தோல் எடுத்த இடம். பழைய முறையில் சராசரியாக 0.013 அங்குலத் தடிமனில் தோலைச் சீவி எடுக்க வேண்டியிருந்தது. கீழே புது உள்தோல் தயாராக இருந்ததால், புதிய முறையில் 0.006 அங்குலம் போதுமானதாக இருந்தது. எடுத்த இடமும் நான்கு நாள் முன்னதாக ஆறியது. முக்கால் உடம்பு வெந்தவருக்கு இந்த நான்கு நாள் சாதாரணம் இல்லை. ஆறிய இடத்திலிருந்துதான் மறுபடி தோல் எடுக்க முடியும்.

மூன்றாம் பாடம், ஆறிய பிறகு. செயற்கைத் தோல் வைத்த இடத்தில் தடித்துப் புடைக்கும் வடு குறைவாக இருந்தது. இரண்டையும் தம் உடம்பில் சுமந்த நோயாளிகளில் அதிகம் பேர் செயற்கைத் தோல் வைத்த பகுதியையே விரும்பினார்கள்.

எனக்கு இந்தப் பட்டியல் பிடித்திருப்பதற்குக் காரணம், 80 என்ற அந்த எண்ணை ஒளிக்காமல் எழுதியதுதான். பின்தங்கிய பாடத்தையும் சேர்த்து எழுதினால்தான் முந்திய பாடத்தை உலகம் நம்பும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே உடம்பில் இரண்டையும் வைத்ததால், செயற்கைத் தோல் எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்ற கேள்விக்கு இந்தச் சோதனை பதில் சொல்ல முடியாது. எல்லோருக்கும் இரண்டும் போயிருக்கிறது. மாத்திரை போல எது எது என்று மறைக்கவும் முடியாது, மருத்துவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். எந்தப் பரீட்சையும் எல்லாவற்றையும் அளக்காது. எதை அளந்தோம், எதை அளக்கவில்லை என்று சொல்வதே நேர்மை.

அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி அளித்தது 1996-இல். இன்டெக்ரா என்ற பெயரில் உலகெங்கும் போனது. இரண்டு பேரும் சேர்ந்த 1969-இலிருந்து எண்ணினால் 27 ஆண்டு.

இதே காலத்தில் இன்னொரு பாதையும் ஓடிக்கொண்டிருந்தது. 1975-இல் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் இருவரும் மனித மேல்தோல் உயிரணுக்களை ஆய்வகத் தட்டில் வளர்க்கக் கற்றார்கள். 1983-இல் உடல் முழுக்க வெந்த இரண்டு சிறுவர்கள், ஐந்து வயதும் ஆறு வயதும் ஆன அண்ணன் தம்பி, பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எடுப்பதற்குத் தோலே இல்லாத அந்தப் பிள்ளைகளிடமிருந்து கிடைத்த சிறு துணுக்கைத் தாள் தாளாக வளர்த்து, அவர்கள் உடம்பில் பாதியளவு மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஆனால் உள்தோல் இல்லாமல் வெறும் மேல்தோலை வைத்தால் அது எளிதில் கொப்பளித்து உரியும். ஒரு பாதைக்குக் குறைவானது மற்றப் பாதையில் இருந்தது. இன்று பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

இன்னும் முடியாத வேலை உண்டு. செயற்கைத் தோலில் கட்டிய இடத்தில் முடி முளைக்காது. வியர்வைச் சுரப்பி வராது. பெரும்பகுதி அப்படி ஆனவர் நம் ஊர் சித்திரை வெயிலைத் தாங்குவது மிகவும் சிரமம். விலையோ, நம் அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூட முடியாதது.

அதனால்தான் நம் நாட்டு மருத்துவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். மும்பையில் 1980-களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டி ஆழமில்லாத தீக்காயத்துக்குக் கட்டாகப் போட்டுச் சோதித்தார்கள். பிறகு அதே மும்பையில், நாம் சாப்பிடும் வாழை இலையைக் கிருமி நீக்கிக் கட்டுப் போட்டு, வாஸ்லின் துணியோடு ஒப்பிட்டு, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். இலை காயத்தில் ஒட்டாததால் கட்டைப் பிரிக்கும்போது வலி குறைவு. பாட்டி சொன்னதுதானே என்று விட்டுவிடாமல், ஒப்பிட்டு அளந்தார்களே, அதைத்தான் நான் பாராட்டுவேன். ஆனால் இவை ஆழமில்லாத காயத்துக்கு மட்டும். ஆழமான காயத்துக்கு உருளைக்கிழங்கும் வாழையிலையும் உதவாது.

ஆழமான காயத்துக்கு நம்மால் கொடுக்க முடிந்தது ஒன்று இருக்கிறது. அது நம் தோல்தான். "அடுத்தவர் தோல் நிலைக்காது என்றீர்களே?" என்று கேட்பீர்கள். நிலைக்காதுதான். ஆனால் அது அழிவதற்குள் இரண்டு மூன்று வாரம் காயத்தை மூடிவைக்கும். நோயாளியின் சொந்தத் தோல் ஆறி மறுபடி எடுக்கத் தயாராக அந்த வாரங்கள் போதும். பல உயிர்கள் அந்த இடைவெளியில்தான் தப்பிக்கின்றன. கண் தானம் போலவே, இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தோல் தானம் செய்யலாம். இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மெல்லிய மேலடுக்கை மட்டுமே எடுப்பார்கள், உடல் விகாரமாகாது. எடுத்ததைக் கிளிசராலில் பதப்படுத்தித் தோல் வங்கியில் வைப்பார்கள். நானும் என் மனைவியும் எங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். நீங்களும் வீட்டில் பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று யாராவது சொன்னால், இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

கடைசியாக, சமையலறையில் ஒட்டிவைக்க ஒரு குறிப்பு. தீக்காயமோ வெந்நீர்க் காயமோ பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இட்லி மாவு, பேனா மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 27 ஆண்டு உழைத்துச் செய்த செயற்கைத் தோல் உங்கள் வீட்டில் யாருக்கும் தேவைப்படாமல் போக, இந்த இருபது நிமிடத் தண்ணீர் உதவும்.

தீக்காயப் பிரிவில் பணிபுரியும் நம் மாணவர்கள் யாராவது இருந்தால், நான் விட்டுப்போனதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்